பரு போச்சு, கருப்பு போகலை: எதை நிறுத்துவது, எதைப் போடுவது, எத்தனை மாதம்?

#1 மாநிறத்தாள்

வயது 23, மாநிறம், எண்ணெய்ப்பசை முகம். தாடையிலும் கன்னத்திலும் பரு அடங்கிய இடமெல்லாம் காபி நிறத்தில் புள்ளி நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே கொசுக்கடியைச் சொறிந்த தடங்கள் தனி. இப்போது கையில் இருப்பவை: வைட்டமின் சி சீரம், நியாசினமைடு 10%, கிளைகாலிக் டோனர், வாரம் இரண்டு முறை எலுமிச்சை-தேன் பேக், மருந்துக்கடையில் கொடுத்த ஒரு நைட் க்ரீம். இத்தனையும் போட்டும் கறை கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மருந்துச்சீட்டு

முதல்ல அந்த நைட் க்ரீம். டியூபைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதை மொபைல் கேமராவில் பெரிசாக்கிப் படிங்க. மொமெட்டாசோன், ஃப்ளூசினோலோன், பீட்டாமெத்தசோன், கிளோபெட்டசால், இந்த நாலில் ஒண்ணு இருந்தாலும் அது ஸ்டீராய்டு. முதல் இரண்டு மூணு வாரம் முகம் பளிச்சுனு இருக்கும். அதனாலதான் தோழி தோழிக்குச் சொல்லி கை மாறிக்கிட்டே போகுது. அப்புறம் தோல் மெலியும், கன்னத்தில் மெல்லிய ரத்தக்குழாய் தெரியும், பூனைமுடி வளரும், ஒரே அச்சில் வார்த்த மாதிரி சின்னச் சின்னப் பருவா கொத்தாக் கிளம்பும். ஒவ்வொரு பருவும் ஒரு கறை. கணக்கு புரியுதா?

2018-ல் ஸ்டீராய்டு மேல்பூச்சுகள் பலவற்றை ஷெட்யூல் எச்-க்குள் கொண்டுவந்தாங்க. டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாது. விற்கிறாங்க என்பது வேற கதை.

டியூபில் என்ன இருக்குன்னு எழுதுங்க, எத்தனை வாரமாப் போடுறீங்கன்னும் சொல்லுங்க. அதுவரைக்கும் எலுமிச்சையை ரசத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

#3 தோலியல்_பிஜி

கறை எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பரு, சூடு, சொறி, தீக்காயம் என எதனால் தோல் அழன்றாலும், அந்த அழற்சியில் வெளிப்படும் வேதிப்பொருட்கள் மெலனோசைட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அவை மெலனின் என்ற கருநிறமியைக் கூடுதலாகச் செய்து பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகின்றன. நம் போன்ற நிறத்தில் இந்தச் செல்கள் சட்டென்று தூண்டப்படும். ஆக, தோலை எரிய வைக்கும் எதுவும், மருந்தே ஆனாலும், கறையை உண்டாக்கும் வேலையைத்தான் செய்கிறது. உங்கள் பட்டியலில் எரிய வைப்பவை குறைந்தது மூன்று இருக்கின்றன.

அடுத்து, கறையின் ஆழம். மேல்தோலில் மட்டும் மெலனின் இருந்தால் பழுப்பாக, காபி நிறத்தில் தெரியும், மாதக்கணக்கில் மங்கும். அழற்சி கடுமையாகி மெலனின் கீழ்த்தோலுக்குச் சொட்டிவிட்டால் சாம்பல் அல்லது நீலம் கலந்த நிறம். அதை அங்கிருக்கும் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்ளும், வருடக்கணக்கில் நிற்கும். பருவைக் கிள்ளுவதும் நகத்தால் பிதுக்குவதும் முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றும் வேலை. மருத்துவமனையில் உட்ஸ் விளக்கின் ஊதா ஒளியில் பார்த்தால் மேல்தோல் கறை இன்னும் அடர்த்தியாகத் தெரியும், ஆழக்கறை தெரியாது. ரொம்பக் கருத்த தோலில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று உண்டு. கண்ணாடி டம்ளரைக் கழுவித் துடைத்து, அதன் பக்கவாட்டால் புள்ளியை அழுத்தி, கண்ணாடி வழியாகவே பாருங்கள். அழுத்தும்போது மறைந்து, எடுத்ததும் திரும்பி வந்தால் அது ரத்தக்குழாய் விரிவு. அழுத்தியும் அப்படியே நின்றால் மெலனின். அழுத்தினால் மறையும் புள்ளிக்கு நிறமி குறைக்கும் க்ரீம் போட்டுப் பயனில்லை. பருவை அடக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

#4 பிஹெச்_ஐந்தரை

காஸ்மெட்டிக் ஃபார்முலேஷன் பக்கத்திலிருந்து.

எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் சுமார் 2. தோலின் மேற்பரப்பு 5 பக்கம். பிஹெச் அளவில் ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு, ஆகவே இது ஆயிரம் மடங்கு புளிப்பு. அது போதாதென்று எலுமிச்சை வகைகளில், முக்கியமாகப் பழத்தோலில், ஃபுரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும், அப்புறம் மாதக்கணக்கில் கருத்து நிற்கும். மருத்துவப் புத்தகத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. கறை போக்கப் போடுகிற பொருள், கறை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் முன்வரிசையில் நிற்கிறது. பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட், பூண்டு மூன்றும் இதே கணக்குதான். பூண்டு நிஜமாகவே தோலைச் சுடும்.

வைட்டமின் சி: அஸ்கார்பிக் அமிலமாக இருந்தால் 10 முதல் 20 சதவீதமும் பிஹெச் 3.5-க்குக் கீழும் இருந்தால்தான் உள்ளே இறங்கும். நம் ஊர் வெக்கையில் பாத்ரூம் அலமாரியில் வைத்தால் சீக்கிரமே கெடும். வாங்கும்போது தண்ணீர் நிறத்திலோ வெளிர் மஞ்சளிலோ இருந்தது டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டதா, தூக்கிப் போடுங்கள். புதிதாக வாங்க வேண்டிய அவசரமும் இல்லை.

நியாசினமைடு நல்ல பொருள். மெலனின் பொட்டலம் பக்கத்துச் செல்லுக்குப் போவதைத் தடுக்கும். ஆனால் 4, 5 சதவீதத்திலேயே அந்த வேலை நடக்கும். 10 என்பது பாட்டிலின் முன்பக்கத்துக்காகப் போட்ட எண். சிலருக்கு அந்த அளவில் குறுகுறுக்கும், சிவக்கும்.

கிளைகாலிக் டோனர் தினமும் என்றால் இப்போதைக்கு நிறுத்துங்கள். அதை யாரும் வில்லனாக்க வேண்டாம், மற்றவற்றோடு சேர்ந்ததுதான் தப்பு.

#5 மாநிறத்தாள்

டியூபில் ஹைட்ரோக்வினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டாசோன் 0.1% என்று இருக்கிறது. ஐந்து வாரமாகத் தினமும் இரவு, முகம் முழுக்க. டம்ளர் வைத்துப் பார்த்தேன், புள்ளிகள் அழுத்தினாலும் மறையவில்லை, பழுப்புதான். புதுப் பரு இன்னும் வருகிறது, மாதவிடாய்க்கு முந்தின வாரம் தாடையில்.

#6 மருந்துச்சீட்டு

நினைச்சது சரியாப் போச்சு. இந்த மூன்று கூட்டு க்ரீம் மங்குக்காக, டாக்டர் நாள் குறிச்சுக் கொடுக்கிற மருந்து. பருக்கறைக்கு முகம் முழுக்க அப்புறதுக்கு இல்லை.

ஐந்து வாரம் ஆனதால திடுதிப்புன்னு நீங்களா நிறுத்தாம, தோல் டாக்டரை நேரில் பார்த்து நிறுத்துங்க. நிறுத்தினதும் சிலருக்கு முகம் சிவந்து, எரிஞ்சு, பொங்கும். அதை அலர்ஜின்னு நினைச்சு மறுபடி அதே க்ரீமை எடுக்கிறவங்கதான் பெரும்பாலும் மாட்டிக்கிறாங்க. போட்டால் அடங்கும், விட்டால் பொங்கும். ஸ்டீராய்டுக்குப் பழகிய முகம்னா இதுதான். டாக்டர்கிட்ட போகும்போது டியூபைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. வெறுமனே ஒரு க்ரீம்னு சொன்னா அவங்க என்ன கண்டாங்க.

#7 தோலியல்_பிஜி

புதுப் பரு வருகிறது என்பதுதான் இந்த இழையின் மையம். பரு நிற்காமல் கறைக்கு மட்டும் மருந்து போட்டால் இந்தப் பக்கம் அழிக்க அழிக்க அந்தப் பக்கம் புதிதாக விழும். ஆகவே பரு, கறை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் மருந்துகளாக எடுப்பது புத்திசாலித்தனம். அப்படி இரண்டு இருக்கின்றன: அசெலாயிக் அமிலம், அடபலீன்.

முதல் இரண்டு வாரம் (ஸ்டீராய்டை மருத்துவர் சொன்னபடி நிறுத்திய பிறகு): நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷ் காலை, இரவு. வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். பகலில் சன்ஸ்க்ரீன். வேறு எதுவும் வேண்டாம். முகம் கழுவினதும் இழுப்பது, எரிவது நின்றால் அடுத்த கட்டம்.

மூன்றாம் வாரத்திலிருந்து: காலையில் அசெலாயிக் அமிலம் 10% ஜெல், மெலிதாக. முதல் சில நாட்கள் எறும்பு ஊர்வதுபோல் அரிக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கும் அரிப்பு பரவாயில்லை. மணிக்கணக்கில் எரிந்தாலோ சிவப்பு மறுநாளும் நின்றாலோ ஒருநாள் விட்டு ஒருநாள். பழகிய பிறகு இரவிலும் போடலாம், பிறகு தேவைப்பட்டால் 20%. தேமல் வந்த தோல் ஏன் வெளுக்கிறது என்று தேடப் போன 1970-களில்தான் இந்த அமிலம் கவனத்துக்கு வந்தது. தேமலை உண்டாக்கும் பூஞ்சை இதைத் தயாரிக்கிறது. அளவுக்கு மீறி வேலை செய்யும் மெலனோசைட்டைத்தான் அதிகம் அடக்கும் என்பதால் சுற்றியுள்ள தோல் வெளுப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் பொதுவாகப் பாதுகாப்பானது என்பது இதன் பெரிய பலம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து: இரவில் அடபலீன் 0.1% ஜெல். இதில் எல்லோரும் தப்பு செய்வதால் விரிவாக. முகம் கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கப் போக 15, 20 நிமிடம் விடுங்கள். மூக்கோரம், உதட்டு மூலை, கண்ணோரம் மூன்றிலும் முதலில் வாசலின் தொட்டு வையுங்கள். ஒரு பட்டாணி அளவு ஜெல்லை விரல்நுனியில் எடுத்து நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து புள்ளி வைத்து, அதையே முகம் முழுக்கப் பரப்புங்கள். கறைமேல் மட்டும் குழைத்துப் பூசக் கூடாது, பூசினால் அந்த இடம் உரிந்து, உரிந்த இடம் முன்னைவிடக் கருக்கும். மேலே மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை, அடுத்து ஒன்றுவிட்டு ஒருநாள். தினமும் தாங்கவில்லை என்றால் ஒன்றுவிட்டு ஒருநாளிலேயே நிற்கலாம், குறைவொன்றும் இல்லை. கர்ப்பமாக இருந்தால், கர்ப்பத்துக்கு முயன்றால் அடபலீன், ட்ரெட்டினாயின் இரண்டும் கூடாது.

மாதவிடாயை ஒட்டித் தாடையில் மட்டும் பரு, கூடவே நாள் தள்ளிப்போவது, மேலுதட்டில் முடி என்று இருந்தால் மகளிர் மருத்துவரிடமும் காட்டுங்கள். ஹார்மோன் கோளாறை மேல்பூச்சால் மட்டும் சரிக்கட்ட முடியாது.

#8 சந்தேகப்பேர்வழி

//அசெலாயிக் அமிலம், அடபலீன்//

இதெல்லாம் ஆமை வேகம். நிறமி குறைக்கும் ஹைட்ரோக்வினோன் 4% புள்ளிமேல் வைத்தால் பாதி நாளில் காரியம் முடியும். உலகம் பூரா தோல் மருத்துவர்கள் அதைத்தானே முதல் மருந்தாக வைத்திருக்கிறார்கள்? இங்கே அதை ஏதோ விஷம்போலப் பேசுவது அதிகப்படி.

#9 தோலியல்_பிஜி

@சந்தேகப்பேர்வழி, விஷம் என்று யாரும் சொல்லவில்லை. வேகமானது என்பதும் உண்மை. 1975-ல் தோல் மருத்துவர் க்ளிக்மன் ஹைட்ரோக்வினோனைச் சேர்த்து வெளியிட்ட கூட்டு மருந்து முதல் இன்றுவரை நிறமி மருந்துகளின் அளவுகோலே அதுதான். நிபந்தனைகள்தான் விஷயம்.

காட்டன் பட்ஸ் நுனியால் புள்ளிக்குள்ளேயே வைக்க வேண்டும். வழிந்தால் சுற்றிலும் வெளுத்து, நடுவில் கறை, வெளியே வெள்ளை வளையம் என்று ஆகிவிடும். முகத்தில் முப்பது புள்ளி இருக்கிறவரால் முப்பதிலும் அந்தக் கவனம் காட்ட முடியுமா? மூன்று, நான்கு மாதத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் ஆண்டுக்கணக்கில் போட்டால் ஆக்ரோனோசிஸ் என்ற நீலக்கருமை வரும். மீன்முட்டை போன்ற சின்னச் சின்னக் கரும்புள்ளிகளோடு வரும் அதற்கு இன்றுவரை நல்ல மருந்து இல்லை. பென்சாயில் பெராக்சைடு போட்ட தோலில் இதைப் போட்டால் தோலே தற்காலிகமாகப் பழுப்பேறும். பருவுக்கு அதைப் போடுபவர்கள் பலர் என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவில் 2020-லிருந்து மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க முடியாது. ஐரோப்பாவில் அழகுப்பொருள் க்ரீம்களில் அனுமதியே இல்லை.

நான்கைந்து பழைய கறைகள், புதுப் பரு இல்லை, மருத்துவர் கண்காணிப்பு உண்டு என்றால் தாராளமாகப் போடலாம். இவருக்கு இந்த மூன்றில் எதுவும் இல்லை.

#10 சந்தேகப்பேர்வழி

கண்காணிப்பு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று மாதம் அசெலாயிக் போட்டு ஒன்றும் நடக்காதவர்களை அதிலேயே ஒரு வருடம் உட்கார வைப்பதும் நியாயமில்லை.

#11 பிஹெச்_ஐந்தரை

அது சரி. மேல்தோல் புதுப்பிக்க ஏறக்குறைய 4 வாரம், வயதானால் இன்னும் கூடும். இரண்டு, மூன்று சுற்று முடிய வேண்டும். ஆகவே 8 வாரத்துக்கு முன் தீர்ப்பு சொல்லக் கூடாது, 12 வாரத்தில் துளிகூட அசையவில்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டும். கருத்த தோலில் ட்ரெட்டினாயினை வைத்து நடத்தி 1993-ல் வெளியான நல்ல ஆய்வு ஒன்று 40 வாரம் ஓடியது. ஆய்வுக்காரர்களே அவ்வளவு பொறுத்திருந்தார்கள்.

அளப்பதற்குக் கண்ணாடியை நம்பாதீர்கள். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல், அதே நேரம், ஃபில்டர் இல்லாமல், ப்ளாஷ் இல்லாமல் படம். தினமும் பார்த்தால் தினமும் மருந்து மாற்றத் தோன்றும்.

#12 நூல்பிடி

பார்லர் வேலை தெரிஞ்சவங்கற முறையில் ரெண்டு சொல்லணும்பா. அடபலீன், ட்ரெட்டினாயின் போடுற முகத்தில் வேக்ஸ் இழுத்தா தோலோட வரும். மேலுதட்டில் வேக்ஸ் போட்டுட்டு மறுநாள் மீசை மாதிரி கருத்து நிக்கிறதுக்கு முக்காவாசி காரணம் இதுதான். குறைஞ்சது ஒரு வாரம் முன்னாடியே ஜெல்லை நிறுத்திட்டுத்தான் வரணும். த்ரெட்டிங்குக்கும் சொல்லிட்டு உட்காருங்க, நூலை லேசாப் பிடிப்போம். பரு இருக்கிற முகத்துக்கு ஸ்டீம் வெச்சு, கரும்புள்ளி எடுக்கிறேன்னு கம்பியால் அழுத்துறது வேண்டவே வேண்டாம். ப்ளீச்சும் அப்படித்தான், அம்மோனியா எரிச்சல் அன்னிக்கு வெளுப்பைக் காட்டும், பத்து நாளில் கறையைக் காட்டும்.

அப்புறம் சன்ஸ்க்ரீன் சன்ஸ்க்ரீன்னு எல்லாரும் சொல்றீங்க. நம்ம நிறத்துக்கு முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகுதே. வீட்டுக்குள்ளேயே இருக்கிறவங்களுக்கு அது எதுக்கு?

#13 பிஹெச்_ஐந்தரை

அக்கா, நல்ல கேள்வி. இதில்தான் நம் ஊர் ஆலோசனைகள் பெரும்பாலும் கோட்டைவிடுகின்றன.

சன்ஸ்க்ரீன் டியூபில் உள்ள எஸ்பிஎஃப் எண் முக்கியமாக யுவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தடுப்பதைச் சொல்கிறது, அதாவது வெயிலில் சிவப்பதைத் தடுப்பதை. நம் கறையை இருட்டாக்குவதில் யுவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிருக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், குறிப்பாக நீலப் பகுதிக்கும் பங்கு உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளி கருத்த தோலில் நாள்பட நிற்கும் கருமையை உண்டாக்குகிறது, வெளுத்த தோலில் அப்படி நிற்பதில்லை. ஜன்னல் கண்ணாடி யுவிபி-யைத் தடுத்துவிடும். மற்ற இரண்டையும் பெருமளவு உள்ளே விடும். ஆக, ஜன்னலோரம் உட்கார்ந்து தையல், கம்ப்யூட்டர் வேலை செய்பவருக்குத் தேவை. உள்ளறையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் இருப்பவருக்கு அவசியமில்லை. மொபைல் திரை ஒளியால் கறை வரும் என்பது விளம்பரக்காரர் பேச்சு, அந்த அளவு ஒளி அதில் இல்லை.

வழக்கமான சன்ஸ்க்ரீன், எஸ்பிஎஃப் 50 ஆனாலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்காது. அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு, அதாவது டின்ட் போட்ட சன்ஸ்க்ரீனில் பழுப்பு நிறம் தருகிற அதே பொருள். சாம்பல் பூக்கிற பிரச்சினைக்கும் அதுவே மருந்து. வாங்கும்போது உள்ளங்கையில் போட்டுப் பார்க்காமல் தாடையோரம் தடவி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ரோஸ் அடிக்கும் ஷேடுகள்தான் அலமாரியில் நிறைய இருக்கும், நமக்கு மஞ்சள் சாயல் வேண்டும். எஸ்பிஎஃப் 30-க்கு மேல், யுவிஏ தடுப்பைக் காட்டும் பிஏ குறி மூன்று அல்லது நான்கு ப்ளஸ்.

அளவு: சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் போட்டுத்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். முகம், கழுத்துக்கு அது ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நுனி முதல் அடி வரை இரண்டு கோடு. தினம் ஒருமுறை இப்படிப் போட்டாலே 50 கிராம் டியூப் ஒன்றரை மாதம்கூட ஓடாது. ஆறு மாதம் வருகிறது என்றால் எஸ்பிஎஃப் 50-ஐ வாங்கி எங்கேயோ 10-க்கும் கீழே வைத்திருக்கிறீர்கள். வெளியில் வேலை என்றால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி. வியர்வையைத் துடைத்தால் அதோடு போய்விடும், ஒற்றி எடுங்கள். குடைக்கும் தொப்பிக்கும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, விரித்தால் நிழல்.

#14 வன்னிக்காற்று

இஞ்ச வேற ஒரு பிரச்சினையும் இருக்கு. பேரில்லாத டப்பியில, உள்ளடக்கம் ஒண்டும் எழுதாமல் வாற வெள்ளையாக்கும் க்ரீம்கள். ஒன்லைன்ல படம் போட்டு விக்கினம். ஒரு கிழமையில முகம் வெளுக்குதெண்டு சொல்லி சனம் வாங்குது. அதுகளைப் பற்றியும் எழுதுங்கோ.

#15 மருந்துச்சீட்டு

@வன்னிக்காற்று நல்ல நேரத்தில் சொன்னீங்க. பாதரசம். மெலனின் உண்டாகிறதை அது தடுக்கும், அதனாலதான் அந்த வேகம். தோல் வழியா உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேரும். கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் மருத்துவர்கள் 2023 வாக்கில் தொடர்ச்சியா சிறுநீரக நோயாளிகளைப் பார்த்து, காரணத்தைத் தேடினப்போ பலர் இப்படி க்ரீம் போட்டவங்கன்னு தெரிஞ்சது. சிறுநீர் நுரைக்கிறது, கால், முகம் வீங்குறதுதான் அடையாளம். இந்தியாவில் அழகுப்பொருளில் தற்செயலாக் கலக்கும் பாதரசத்துக்கே பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உச்சவரம்பு.

தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், உள்ளடக்கப் பட்டியல், இந்த நாலில் ஒண்ணு இல்லைன்னாலும் தொடாதீங்க. வெயிலில் வைக்காதீங்க, உலோகத்தில் படாம வைங்க, நகையைக் கழட்டிட்டுப் போடுங்கன்னு டப்பியில் எழுதியிருந்தா சந்தேகமே வேண்டாம். குப்பையில் வீசாம பாலித்தீனில் இறுக்கிக் கட்டி, அபாயக் கழிவு எடுக்கிற இடத்தில் கொடுங்க.

#16 தோலியல்_பிஜி

காலைப் பற்றி யாரும் பேசவில்லை. முழங்காலுக்குக் கீழ் கறை முகத்தைவிட மெதுவாகத்தான் மங்கும், முகத்துக்கு மூன்று மாதம் என்றால் காலுக்கு ஆறு, எட்டு மாதம்கூட ஆகலாம். முதல் வேலை புதுக் கடியை நிறுத்துவது: வலை, மாலையில் முழுநீள உடை, டீட் அல்லது பிகாரிடின் உள்ள கொசு விரட்டி. கடித்த இடத்தில் உடனே ஐஸ் ஒத்தடம், பிறகு கலமைன். வீங்கி அரித்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் 1% காலை, இரவு இரண்டு மூன்று நாள் மட்டும். இது மென்மையான ஸ்டீராய்டு, கடிக்குப் போடலாம், கறைக்குப் போடக் கூடாது. இரவில் சொறிபவர்களுக்கு நகத்தை ஒட்ட வெட்டுவது எந்த க்ரீமுக்கும் குறைந்ததில்லை.

பழைய தடத்துக்கு: குளித்துத் துடைத்த ஈரத்தோடு யூரியா 10% அல்லது லாக்டிக் அமிலம் 12% லோஷன். முகத்துக்குக் கூடாத வீரியம் காலுக்குப் பரவாயில்லை. ஷேவ் பண்ணின அன்றும் வெடிப்பு உள்ள இடத்திலும் போட வேண்டாம், எரியும்.

நைலான் நார், பீர்க்கங்கூடு, கல் வைத்து அழுத்தித் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். முதுகு, தோள்பட்டை எலும்பின் மேல், முழங்கால் முன்புறம், அதாவது எலும்பு தோலுக்கு அருகே இருக்கும் இடங்களில் சிற்றலை மாதிரி கருமை படிவது அநேகமாகத் தேய்ப்பினால் வருவது. அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்க்கிறார்கள், இன்னும் கருக்கிறது. உள்ளங்கையால் சோப்பு போட்டாலே அழுக்கு போகும்.

#17 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: முகப் படங்களைப் பொதுவில் பதிவேற்ற வேண்டாம், இரண்டு படங்களை நீக்கியிருக்கிறேன். படம் பார்த்து மருந்துப் பெயர் எழுதுவதையும் தவிர்க்கவும்.

#18 நூல்பிடி

எல்லாக் கருப்பும் பருக்கறைதானா? அக்குள், கழுத்தெல்லாம் வெல்வெட் மாதிரி தடிச்சுக் கருத்து வர்றாங்களே.

#19 தோலியல்_பிஜி

இல்லை, அது வேறு. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் போல் தடித்த கருமை பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். சர்க்கரையும் எடையும் பார்க்க வேண்டியது, ஸ்க்ரப் அல்ல. அக்குள் தடிக்காமல் கருத்து மட்டும் இருந்தால் டியோடரன்ட், ஷேவிங் எரிச்சலைச் சந்தேகிக்கலாம்.

அடிக்கடி ஏமாற்றுகிற இன்னொன்று: வட்டமாக, காசு அளவில், ஊதா கலந்த கருப்பில் ஒரு திட்டு. உதட்டில், கையில், மறைவிடத்தில். சில மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் சிவந்து அரித்து, பிறகு முன்னைவிடக் கருக்கும். இது மருந்து ஒவ்வாமை. வலி மாத்திரை, கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல், டெட்ராசைக்ளின் வகை எதையாவது விழுங்கும்போதெல்லாம் அதே இடம் பற்றும். காரண மாத்திரையைப் பிடிக்காமல் எந்தக் க்ரீமும் உதவாது. எந்த மாத்திரை என்று தெரிந்ததும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு எல்லா மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

தலைச்சாயம் போடுபவர்களுக்கு நெற்றியோரம், காதோரம், கழுத்தில் சாம்பல் நிறம் படிந்தால் சாயத்தில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருளைச் சந்தேகியுங்கள். குங்குமம், வாசனைத் தைலம், ஸ்டிக்கர் பொட்டுப் பசை எல்லாமே நெற்றியில் தடம் வைக்கும், பொட்டுப் பசை சிலருக்கு வெள்ளையாகவும் வைக்கும். படர்தாமரை வந்த தொடையிடுக்கில் கருமை என்றால் முதலில் பூஞ்சை முழுக்கப் போக வேண்டும், அரிப்பு நின்ற பிறகுதான் கறை கணக்குக்கு வரும்.

தாமதிக்காமல் காட்ட வேண்டியவை: உருவமும் நிறமும் மாறிக்கொண்டே இருக்கும் மச்சம், ரத்தம் கசியும் புள்ளி, உள்ளங்கால் அல்லது நகத்தடியில் புதிதாக வந்த கருமை, உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு.

#20 சந்தேகப்பேர்வழி

லேசர்? ஐந்தாறு சிட்டிங்கில் துடைத்துவிடுகிறோம் என்று விளம்பரம் தெருவுக்குத் தெரு தொங்குகிறது.

#21 தோலியல்_பிஜி

லேசர் சூடு. சூடு அழற்சி. அழற்சி கறை. நம் நிறத்தில் லேசரே புதுக் கறைக்குக் காரணமாவது சாதாரணம். 1064 நானோமீட்டர் க்யூ-ஸ்விட்ச் என்டியாக் என்ற லேசர் வகை ஓரளவு பாதுகாப்பானது, குறைந்த சக்தியில், அனுபவமுள்ள கையில். ஐபிஎல் என்கிற ஒளிப்பாய்ச்சல் நம் தோலில் தீக்காயக் கோடுகள் போட வல்லது. எந்தக் கருவி, எந்த அலைநீளம், இயக்கப்போவது யார் என்று கேளுங்கள். காதுக்கு முன்னால் ஒரு சின்ன இடத்தில் சோதித்து 4 வாரம் காத்திருக்கச் சம்மதிக்காத இடத்தில் முழு முகத்தைக் கொடுக்காதீர்கள்.

அதற்குமுன் பீலிங், அதாவது அமிலம் பூசி மேல்தோலை மெலிதாக உரிப்பது, இருக்கிறது. பரு முகத்துக்குச் சாலிசிலிக் 20 முதல் 30 சதவீதம், இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை, மருத்துவர் கையால். ஆன்லைனில் 30% பாட்டில் வாங்கி வீட்டில் செய்பவர்களில் கன்னத்தில் பட்டை பட்டையாகக் கருத்து வருபவர்கள் ஓபி-யில் குறைவில்லை.

#22 மாநிறத்தாள்

நன்றி. மருத்துவரிடம் டியூபோடு போய்விட்டு வந்தேன். படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மற்றதெல்லாம் ஓரம் கட்டியாச்சு. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: மூன்று வாரத்தில் வீட்டில் கல்யாணம். அதுவரைக்கும் இந்தப் புள்ளிகளை என்ன செய்வது?

#23 நூல்பிடி

மறைக்கிறதுதான் கண்ணு, வேற வழியில்லை. இப்போ ஃபேஷியல், ப்ளீச், கோல்டு பேக்னு எவ கூப்பிட்டாலும் போகாதே. பவுண்டேஷனை அடுக்கி அடுக்கிப் போட்டா கறை சாம்பலாத் தெரியும். ஆரஞ்சு நிற கரெக்டரைக் கடுகளவு எடுத்து, புள்ளிக்குள்ள மட்டும் விரல் நுனியால் தட்டித் தட்டி வை, தேய்க்காதே. மாநிறத்துக்கு ஆரஞ்சு, கொஞ்சம் வெளுத்த நிறம்னா பீச். ஒரு நிமிஷம் காயவிட்டு, முகத்து நிறத்துக்கே உள்ள கன்சீலர், அதுக்குமேல பவுடரைப் பஃப்பால அழுத்து. சன்ஸ்க்ரீன் இதுக்கெல்லாம் அடியில, முதல்ல. பருவுக்கு ஆகாத எண்ணெய் மேக்கப் வேண்டாம், டப்பியில் நான்-காமெடோஜெனிக்னு போட்டிருக்கணும். ராத்திரி எவ்வளவு நேரமானாலும் கழுவாம படுக்காதே, மிசெல்லார் தண்ணியில் பஞ்சை நனைச்சு பத்து செகண்ட் வெச்சிருந்து எடு. வறட்டு வறட்டுன்னு தேய்ச்சா மறுபடி முதல் பக்கத்துக்கு வந்துடுவே.

#24 பிஹெச்_ஐந்தரை

அந்தக் கரெக்டரிலும் அயர்ன் ஆக்சைடுதான் இருக்கும். பகல் முகூர்த்தம் என்றால் அதுவே கொஞ்சம் காவல்.